ஓடும் குதிரையும் உறைந்த படமும்: பழைய பந்தயப் புகைப்படங்கள் சொல்லும் வரலாறு

குதிரைப் பந்தயம் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பெரும்பாலோர்க்குச் சூதாட்டமே நினைவுக்கு வருகின்றது. குதிரை பின்னால் வருகிறது. பணம் முன்னால் வருகிறது. தமிழில் 'பந்தயம்' என்ற ஒரே சொல் போட்டியையும் குறிக்கிறது, போட்டியின் மீது வைக்கப்படும் பணயத்தையும் குறிக்கிறது. சொல் ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்றே என்று எண்ணிவிடுகிறோம். ஆயின், குதிரைகளை ஓடவிட்டு வேகம் பார்ப்பதும், ஓடும் குதிரையின் மீது ஊரார் பணம் கட்டுவதும் வெவ்வேறு வரலாறுகளை உடையவை. இவ்விரண்டும் எங்கே கலந்தன, எவ்வாறு கலந்தன என்பதை அறிவதற்குப் பத்தொன்பதாம், இருபதாம் நூற்றாண்டுகளின் பழைய புகைப்படங்கள் நல்ல சான்றுகளாக உள்ளன. அவை காட்டுவனவற்றையும் காட்டாமல் விடுவனவற்றையும் சேர்த்துப் படிக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஓட்டக்களத்தின் பழைய ஒழுங்கு

புகைப்படம் தோன்றுவதற்குப் பன்னிரண்டு நூற்றாண்டுகளுக்கு முன்பே குதிரையோட்டத்துக்கென ஒரு சொல்வளத்தை அரபுமொழி உருவாக்கி வைத்திருந்தது. ஓட்டத்தில் முதலில் வரும் குதிரைக்கு 'முஜல்லீ' என்று பெயர். இரண்டாவதாக வருவது 'முஸல்லீ'. முன்னோடும் குதிரையின் பின்புறத்தைத் தன் தலை ஒட்டி நிற்குமாறு அது வருவதால் அப்பெயர். பத்தாவதாக, எல்லாவற்றுக்கும் பின்னால் வருவது 'ஸுகைத்'. இறுதியில் வருவதற்கும் தனிப்பெயர் சூட்டிய சமூகம், ஓட்டத்தை எத்துணை நுணுக்கமாகக் கவனித்திருக்க வேண்டும்!

இஸ்லாத்துக்கு முந்திய அரபுநாட்டில் இவ்வோட்டம் பெரும் பணயத்தோடு நடந்தது. அதன் விளைவையும் அரபு மரபே பதிவு செய்துள்ளது. தாஹிஸ், கப்ரா என்னும் இரு குதிரைகளின் பெயரால் வழங்கும் போர், ஒட்டகங்களைப் பணயமாக வைத்து நடந்த ஓர் ஓட்டத்திலிருந்து எழுந்தது. முன்னேறி வந்த தாஹிஸை வழியில் பதுங்கியிருந்தோர் மறித்துத் திருப்பிவிட்டனர் என்பதே சச்சரவின் மூலம். அப்ஸ், துப்யான் ஆகிய இரு உறவுக் குலங்களுக்கிடையே மூண்ட அப்பகை நாற்பதாண்டுகள் நீடித்ததாக மரபு கூறுகின்றது. குதிரை செய்த குற்றம் ஒன்றுமில்லை. பணயமும் வஞ்சகமும் சேர்ந்தே இரு குலங்களையும் அழித்தன.

மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் நடத்திய குதிரையோட்டத்தை இப்னு உமர் (ரலி) அறிவித்துள்ளார்கள். அச்செய்தி ஸஹீஹுல் புகாரீயில் இடம்பெற்றுள்ளது. ஓட்டத்துக்கென மெலிவித்துப் பழக்கப்பட்ட குதிரைகள் ஹஃப்யா என்ற இடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஓடின. பழக்கப்படாத குதிரைகளுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரையிலான குறுகிய தொலைவே வகுக்கப்பட்டது. முதலாவது தொலைவு ஐந்து அல்லது ஆறு மைல், இரண்டாவது ஒரு மைல் என்று அறிவிப்பாளர் சுஃப்யான் விளக்குகிறார். இப்னு உமர் அவர்களும் அவ்வோட்டத்தில் கலந்துகொண்டவர்களே. ஒத்த தகுதியுடையவற்றைத் தனித்தனியே பிரித்து ஓடவிடும் இம்முறை இன்றைய பந்தய விதிகளின் அடிப்படையாகவும் இருப்பது நாம் கருதத்தக்கது.

பின்வந்த சட்ட அறிஞர்கள் இதிலிருந்து நுட்பமானதொரு வேறுபாட்டைத் தெளிவாக்கினர். ஆட்சியாளரோ, போட்டியில் ஓடாத ஒருவரோ வெற்றியாளருக்குப் பரிசளிக்கலாம். ஓடுவோர் இருவரில் ஒருவர் மட்டும் பரிசுப்பொருள் வைக்கலாம். இருவரும் வைத்தால், தம் பங்குக்கு எதுவும் வைக்காத 'முஹல்லில்' எனப்படும் மூன்றாமவர் ஒருவரும் போட்டியில் இருத்தல் வேண்டும் என்பது பெரும்பாலோர் கருத்து. இப்னு தைமிய்யாவும், 'அல்-ஃபுரூஸிய்யா' என்ற நூலை எழுதிய அவர்தம் மாணவர் இப்னுல் கய்யிமும் இம்மூன்றாமவரை நிபந்தனையாக ஏற்கவில்லை. கருத்து வேறுபாடு இருப்பினும், விவாதம் முழுவதும் குதிரையேறி ஓடுவோரைப் பற்றியதே. வேடிக்கை பார்ப்பவர் ஓடுபவர்மீது பணம் கட்டுவது இவ்விவாத எல்லைக்குள் வரவேயில்லை. அது, குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் மதுவோடு சேர்த்து விலக்கிய 'மைஸிர்' என்னும் சூதின் பாற்பட்டது.

கிழக்கிலிருந்து சென்ற குதிரைகள்

அரேபியக் குதிரை இரு திசைகளில் கடல் கடந்தது. ஒரு திசை நம்முடையது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டிநாட்டுக் காயலுக்கு ஹுர்முஸ், கைஸ், ஏடன் முதலான துறைகளிலிருந்து குதிரைகள் வந்திறங்கியதை மார்க்கோ போலோ எழுதியுள்ளார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், மாலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை மஅபருக்கு அனுப்ப ஒப்பந்தம் கொண்டிருந்ததையும், ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தீனார் என்பதையும் குறித்துள்ளார். இக்குதிரைகள் போருக்காக வந்தவை, பந்தயத்துக்காக அல்ல. 'ராவுத்தர்' என்னும் பெயர் குதிரை வீரரைக் குறிப்பதாக அறிஞர்கள் காட்டுவதும் இத்தொடர்பையே நினைவூட்டுகிறது.

மற்றொரு திசை இங்கிலாந்து. இன்று உலகெங்கும் பந்தயத்தில் ஓடும் 'தரோபிரெட்' இனக் குதிரைகள் யாவும் தந்தைவழியில் மூன்று கீழைத்தேயக் குதிரைகளிடம் சென்று சேர்கின்றன. அவை பையர்லி டர்க், டார்லி அரேபியன், காடல்ஃபின் அரேபியன் என்பன. இவற்றுள் டார்லி அரேபியன் 1704-இல் சிரியாவின் அலெப்போ நகரில் வாங்கப்பட்டது. இன்றைய பந்தயக் குதிரைகளில் மிகப் பெரும்பாலானவை தந்தைவழியில் அதன் சந்ததியே. 1780-இல் எப்சம் திடலில் டெர்பி ஓட்டம் தொடங்கியபோது, அரபுக் குதிரையின் குருதி ஆங்கிலக் குதிரையில் கலந்து பல தலைமுறைகள் ஆகிவிட்டன.

ஒளிப்படக் கருவி திடலுக்கு வந்தது

1839-இல் புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. ஆயினும் முதல் சில பத்தாண்டுகளில் ஓடும் குதிரையைப் பிடிக்கும் ஆற்றல் அதற்கில்லை. தகடு ஒளியேற நெடுநேரம் வேண்டியிருந்ததால் ஓடுவது வெறும் புகையாகக் கலங்கியது. எனவே அக்காலப் படங்களில் குதிரை அசையாது நிற்கின்றது. அதன் கடிவாளத்தைப் பிடித்தபடி ஒருவர் நிற்கின்றார். உஸ்மானிய சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது 1893-இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்கு அனுப்பிய 51 தொகுப்புகளிலும் அரண்மனைக் குதிரைகள் இவ்வாறே பக்கவாட்டில் நிறுத்திப் படமெடுக்கப்பட்டுள்ளன. தன் பேரரசின் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் கப்பல்களையும் உலகுக்குக் காட்ட விரும்பிய சுல்தான், அவ்வரிசையில் குதிரைகளையும் வைத்தார்.

இத்தகைய படங்களில் குதிரையின் பெயர் அடியில் எழுதப்பட்டிருக்கும். உரிமையாளரின் பெயரும் இருக்கும். கடிவாளம் பிடித்தவரின் பெயர் பெரும்பாலும் இராது. பிரிட்டிஷ் இந்தியாவின் படங்களிலும் இதுவே நிலை. அவரைச் 'சாயிஸ்' என்ற பொதுப்பெயரால் மட்டுமே குறித்தனர். ஆங்கிலேயர் எடுத்தாண்ட அச்சொல்லும் அரபுச்சொல்லே. குதிரையை விடியலில் எழுப்பி, தேய்த்து, தீனியிட்டு, நடத்திப் பழக்கிய மனிதர் படத்தில் நிற்கிறார், பதிவில் இல்லை.

இங்கிலாந்தில் ஓவியர் வில்லியம் பவல் ஃபிரித், எப்சம் திடலின் மக்கள் திரளை வரைய எண்ணியபோது, ராபர்ட் ஹவ்லெட் என்னும் புகைப்படக்காரரை 1856-இல் அங்கு அனுப்பினார். அவர் ஒரு வாடகை வண்டியின் கூரைமீது ஏறிக் கூட்டத்தைப் படமெடுத்து உதவினார். 1858-இல் லண்டன் ராயல் அகாடமியில் வைக்கப்பட்ட ஃபிரித்தின் 'டெர்பி நாள்' ஓவியத்தைக் காண வந்த நெருக்கடியைத் தடுக்கக் கம்பித்தடுப்பு வைக்க வேண்டியதாயிற்று. அவ்வோவியத்தில் குதிரைகள் மிகச் சிறிய பகுதியையே பெறுகின்றன. இடப்புறத்தில் கிண்ணத்துக்குள் பட்டாணி மறைக்கும் சூதாட்டக்காரர்கள் கூடியுள்ளனர். அருகே பணமனைத்தையும் இழந்த இளைஞன் ஒருவன் வெறும் சட்டைப்பைகளுக்குள் கைகளை விட்டபடி நிற்கிறான். பந்தயத் திடலின் நடுப்பொருள் எது என்பதை ஓவியர் அன்றே கண்டுகொண்டார்.

ஓடும் குதிரையைக் கருவி பிடித்தது 1878 ஜூன் மாதத்தில். கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில், லீலண்ட் ஸ்டான்ஃபோர்டு என்ற செல்வரின் பண்ணையில் எட்வர்ட் மைபிரிட்ஜ் ஓடுபாதையோரம் 12 கருவிகளை வரிசையாக நிறுத்தினார். ஜூன் 19 அன்று சாலி கார்ட்னர் என்னும் பெண்குதிரை அவ்வழியே பாய்ந்தோடியது. குறுக்கே கட்டிய நூல்கள் ஒவ்வொன்றாக அறுபட, கருவிகள் ஒவ்வொன்றாக இயங்கின. பாயும் குதிரையின் நான்கு கால்களும் ஒரு கணம் தரையை விட்டு அகல்கின்றன என்பது உறுதியாயிற்று. அதைவிட வியப்பு, அக்கணத்தில் கால்கள் முன்னும் பின்னும் விரிந்திருக்கவில்லை. வயிற்றுக்கடியில் மடங்கிக் கூடியிருந்தன. பிரெஞ்சு ஓவியர் ஜெரிக்கோ 1821-இல் வரைந்த எப்சம் ஓவியத்தில் குதிரைகள் கால்களை நீட்டிப் பறப்பதைப் போல் உள்ளன. தலைமுறை தலைமுறையாக மனிதக் கண் கண்டதாக நம்பியதைக் கருவி மறுத்துவிட்டது.

இப்படத்தோடு ஒரு கதையும் உலவுகின்றது. கால்கள் தரையை விட்டு எழுகின்றனவா என்பது குறித்து ஸ்டான்ஃபோர்டு 25,000 டாலர் பந்தயம் கட்டியிருந்தார் என்பதே அது. இதற்குச் சமகாலச் சான்று எதுவும் இல்லை. வரலாற்றாய்வாளர்கள் இதனைக் கட்டுக்கதையாகவே கருதுகின்றனர். ஆயினும் கதை அழியவில்லை. குதிரை இருக்குமிடத்தில் பணயமும் இருந்தே தீரவேண்டும் என்ற மனப்பழக்கம், அறிவியல் சோதனை ஒன்றுக்கும் சூதாட்டச் சாயம் பூசிவிட்டது.

பணம் கைமாறும் இடம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கருவிகள் சிறிதாகவும் விரைவாகவும் ஆனபின், புகைப்படக்காரர்கள் குதிரைகளை விட்டுத் திரும்பி, வேலிக்கு வெளியே நின்றோரையும் படமெடுத்தனர். ஆங்கிலத் திடல்களின் அப்படங்களில் 'புக்கி' எனப்படும் பணயத் தரகர் பெட்டியொன்றின்மீது ஏறி நிற்பார். தம் பெயர் பெரிதாகப் பொறித்த தோற்பை அவர் கழுத்தில் தொங்கும். பக்கத்தில் பலகையில் ஒவ்வொரு குதிரைக்கும் உரிய விகிதம் சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டிருக்கும். சற்று உயரத்தில் வெள்ளைக் கையுறையணிந்த ஒருவர் கைகளைத் தலையிலும் தோளிலும் வைத்துச் சைகை காட்டுவார். தொலைவிலுள்ள தரகர்களுக்கு விகித மாற்றத்தைத் தெரிவிக்கும் மொழி அது.

இத்தொழிலின் கணக்கை நாம் அறிதல் வேண்டும். நான்கு குதிரைகள் ஓடுகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒன்றுக்கு இரண்டு என்று தரகர் விகிதம் தருகிறார் எனக் கொள்வோம். ஒவ்வொரு குதிரைமீதும் 30 ரூபாய் கட்டப்பட்டால் அவர் கைக்கு வருவது 120 ரூபாய். எக்குதிரை வென்றாலும் அவர் தருவது கட்டிய 30-உம் அதன் இருமடங்கு 60-உம் சேர்ந்து 90 ரூபாய். மீதி 30 அவருடையது. வென்றவன் குதிரையை அறிந்தவன் என்று தன்னைப் புகழ்ந்துகொள்வான். தோற்றவன் விதியை நோவான். தரகரோ குதிரையைப் பார்க்கவே தேவையில்லை.

இத்தரகருக்கு மாற்றாகப் பாரிசில் ஜோசப் ஓலேர் 1860-களில் பொதுத்தொகை முறையை அமைத்தார். கட்டிய பணமனைத்தும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு, நடத்துவோர் பங்கு கழிக்கப்பட்டு, எஞ்சியது வென்ற குதிரைமீது கட்டியோர்க்குப் பகிரப்படும். 1891-இல் பிரான்சு இதனைச் சட்டமாக்கியது. 1913-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரத் திடலில் ஜார்ஜ் ஜூலியஸ் வடிவமைத்த தானியங்கிக் கணக்குப்பொறி இயங்கத் தொடங்கியது. நம்மூரில் 'டோட்' என்று வழங்குவது இம்முறையே. தரகரின் பை மறைந்து பொறி வந்தபோதும், பலர் இழப்பதைச் சிலர் பெறுவது என்ற அடிப்படை மாறவில்லை. அரசுக்கும் அதில் வரிப்பங்கு கிடைத்ததால், விலக்குவது மட்டும் மேலும் கடினமாயிற்று.

இரண்டு எப்சம் படங்கள்

1913 ஜூன் 4 அன்று எப்சம் டெர்பியில் எடுத்த படம் உலகறிந்தது. பெண்களுக்கு வாக்குரிமை கோரிப் போராடிய எமிலி டேவிசன் ஓடுபாதைக்குள் நுழைந்து, மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் குதிரையான ஆன்மர் மோதி வீழ்ந்தார். நான்கு நாள் கழித்து இறந்தார். அப்படத்தில் குதிரை கவிழ்ந்து கிடக்கின்றது. சவாரியாளர் ஹெர்பர்ட் ஜோன்சும் அப்பெண்ணும் தரையில் கிடக்கின்றனர். வேலியோரம் நிற்கும் பலரின் பார்வையோ ஓடிச்சென்ற மற்றக் குதிரைகளின் பின்னே செல்கின்றது. அன்று முதலில் வந்த கிராகனூர் தகுதியிழக்கச் செய்யப்பட்டு, ஒன்றுக்கு நூறு விகிதமுடைய அபாயர் வென்றதாக அறிவிக்கப்பட்டது. ஓர் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்த அதே திடலில், எவருக்கு எவர் பணம் தரவேண்டும் என்பது பெருவினாவாக இருந்தது.

மற்றொரு வகைப் படம் 1930-களுக்குரியது. இஸ்மாயிலிகளின் இமாமான மூன்றாம் ஆகா கான், வென்ற தம் குதிரையின் கடிவாளத்தைத் தாமே பிடித்து நடத்தி வரும் காட்சி. அவருடைய குதிரைகள் 1930, 1935, 1936, 1948, 1952 ஆகிய ஐந்தாண்டுகளில் டெர்பியை வென்றன. அவற்றுள் பஹ்ராம், மஹ்மூது என்பன கீழைத்தேயப் பெயர்கள். டார்லி அரேபியனின் சந்ததி கிழக்குப் பெயர் தாங்கி மேற்குத் திடலில் வென்றதை அப்படங்கள் காட்டுகின்றன. மற்ற நாட்களில் அதே கடிவாளத்தைப் பிடித்தவர் எவர் என்பதை இப்படங்களும் சொல்வதில்லை.

நூலிழைத் தீர்ப்பு

இரு குதிரைகள் ஏறத்தாழ ஒன்றாக இலக்கை எட்டும்போது நடுவரின் கண் தவறக்கூடும். பெரும்பணம் தொங்கும் இடத்தில் கண்ணின் பிழை கலகத்தில் முடியும். இங்கிலாந்தில் 1947-இல் எப்சம் திடலில் தீர்ப்புப் புகைப்படம் பயன்பாட்டுக்கு வந்தது. 1949 டெர்பியில் நிம்பசின் வெற்றியை அதுவே உறுதி செய்தது. இக்கருவியின் தன்மை விந்தையானது. இலக்குக் கோட்டை மட்டுமே நோக்கும் ஒரு குறுகிய பிளவின் பின்னே படச்சுருள் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே படத்தின் ஒவ்வோர் இழையும் ஒரே இடத்தைக் காட்டுகிறது. வெவ்வேறு நேரத்தில் காட்டுகிறது. மைபிரிட்ஜின் படம் குதிரையின் இயல்பை அறிவதற்குப் பிறந்தது. இப்படத்தின் பெருந்தேவையோ பணயத்தைத் தீர்ப்பதாயிற்று. எழுபது ஆண்டுகளில் கருவி வளர்ந்தது. கேட்கப்பட்ட வினா மாறிவிட்டது.

கிண்டியில் ஒரு வழக்கு

சென்னைக் கிண்டியில் 1777 முதல் குதிரையோட்டம் நடந்ததாகக் குறிக்கப்படுகிறது. சென்னை ரேஸ் கிளப் 1896-இல் அமைந்தது. ஏறத்தாழ 160 ஏக்கர் அரசு நிலம் 99 ஆண்டுக் குத்தகையில் அதற்கு விடப்பட்டது. கூலிக்காரர்களும் எழுத்தர்களும் சம்பள நாளில் கிண்டிக்குச் சென்று வெறுங்கையோடு திரும்பிய கதைகள் தமிழகத்துக்குப் புதியனவல்ல. 1974-இல், மு. கருணாநிதி முதலமைச்சராயிருந்தபோது, குதிரைப் பந்தயத்தையும் பணயத்தையும் ஒழிக்கும் சட்டம் இயற்றப்பட்டது. அதே அரசு 1968 முதல் லாட்டரிச் சீட்டை நடத்திவந்தது என்பதும் வரலாறே; அது 2003-இல்தான் முடிவுக்கு வந்தது.

ஒழிப்புச் சட்டம் வழக்கில் சிக்கியது. 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயத்தில் வெற்றி பெரிதும் திறமையையே சார்ந்துள்ளது, எனவே அது சூதாட்டமாகாது என்று தீர்ப்பளித்தது. குதிரையின் பிறப்பு, பயிற்சி, சவாரியாளரின் தேர்ச்சி ஆகியவை வெற்றியை நிர்ணயிக்கின்றன என்பதை மறுப்பார் இலர். மதீனாவின் ஓட்டமும் அத்திறமையை மதித்தே நடந்தது. ஆனால், திறமை எவருடையது? அது குதிரைக்கும், அதில் ஏறியவனுக்கும், பழக்கியவனுக்கும் உரியது. பணம் கட்டுபவனும் குதிரைகளின் முந்தைய ஓட்டங்களை ஆராய்ந்து அறிவோடு தேர்ந்தெடுக்கிறான் என்பது மறுதரப்பு வாதம். அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆயினும் எத்துணை பேர் ஆராய்ந்தாலும் அனைவரும் வெல்ல இயலாது. பொதுத்தொகையிலிருந்து பங்கு கழிக்கப்பட்ட பின், கட்டியோர் கூட்டமாகப் பெறுவது அவர்கள் கட்டியதைவிடக் குறைவே. முற்காலச் சட்ட அறிஞர்கள் 'திறமையா, வாய்ப்பா' என்று மட்டும் கேட்கவில்லை. 'இழப்பவர் யார், பெறுபவர் யார்' என்றும் கேட்டனர். இரண்டாவது வினாவே சமூகத்துக்கு அதிகம் பயன்படுவது.

2024 செப்டம்பரில் தமிழக அரசு குத்தகையை ரத்துசெய்து கிண்டி நிலத்தைத் தன்வயப்படுத்தியது. விவகாரம் நீதிமன்றத்துக்குச் சென்றது. 2025-இல் இணையத்தில் பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. திடல்கள் சுருங்க, பணயம் கைப்பேசிக்குள் புகுந்துவிட்டது என்பதை அச்சட்டத்தின் தேவையே உணர்த்துகிறது. பழைய திடலில் வெறும் பையோடு நின்ற இளைஞனை ஃபிரித்தால் காண முடிந்தது. கைப்பேசியில் இழப்பவனைப் பக்கத்து அறையில் இருக்கும் பெற்றோரும் காண்பதில்லை.

பழைய பந்தயப் படங்கள் கேளிக்கைக்குரிய நினைவுப்பொருள்கள் மட்டுமல்ல. அவற்றில் குதிரையின் அழகு உள்ளது. அதனைப் போற்றுவதில் தடையேதும் இல்லை. பெயரற்ற சாயிசின் உழைப்பும் உள்ளது. இத்தகைய படங்களை வைத்திருக்கும் நூலகங்களும் குடும்பங்களும் நினைவுள்ளோர் வாழும் காலத்திலேயே அப்பெயர்களைக் கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். வேலிக்கு அப்பால் நின்று இழந்தவர்களின் முகங்களும் அவற்றில் உள்ளன. குதிரையை மட்டும் பார்த்துப் பழகிய நாம், இனி அப்படங்களைக் கையிலெடுக்கும்போது அம்முகங்களையும் பார்ப்போமாக.